பந்துக்கு முன் ஒரு மூச்சு

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆயிரத்து நூற்று நாற்பது பேர்! லைவில், ஒரே நேரத்தில்! அதில் ஐந்து கணக்குகள் என்னுடையவைதான். இருந்தாலும் மீதி ஆயிரத்து நூற்று முப்பத்தைந்து பேர் யாரென்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. துபாயிலிருந்து ஒருவர் 'அண்ணன் குரலைக் கேட்டா ஊர்ல இருக்குற மாதிரியே இருக்கு' என்று போட்டிருந்தார். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

இந்த நோட்டை என்றைக்காவது யாராவது படித்தால் விளங்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இன்பராஜ் என் அண்ணன். வயது இருபத்திரண்டு. திருமங்கலத்தைச் சுற்றி டென்னிஸ் பால் கிரிக்கெட் எங்கே நடந்தாலும் கமெண்டரி அவன்தான். நான் நிவேதினி. பத்தொன்பது வயது, பி.காம். இரண்டாம் வருடம். 'இன்பா வெறியர்கள்' பக்கத்தின் நிறுவனர், தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் நானே.

மைதானம் என்பது எங்கள் ஊர்க் கண்மாய். தண்ணீர் வற்றியதும் நடுவில் மேட் விரித்தால் அதுதான் பிட்ச். கரைமேல் ஒரு சாமியானா, ஒரு மைக், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்த நாற்காலிவரை அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பான். நான்கு வருடமாக அவனுக்கு நடை தள்ளாடுகிறது. ஆனால் உட்கார்ந்து மைக்கைப் பிடித்துவிட்டால் அவனை அசைக்க ஆள் கிடையாது.

அப்பா ஓட்டும் குட்டியானை வண்டியில் மைக் செட்டோடு திரும்பி வந்தோம். வழியெல்லாம் மூன்று பாட்டில் தண்ணீர் குடித்தான். அவ்வளவு கத்தியிருக்கிறான்!

ஆகஸ்ட் 19, செவ்வாய்

லைவ் வீடியோவின் கீழே ஒருவன் 'கமெண்டேட்டர் ஃபுல் மப்பு போல, நாக்கு குழறுது' என்று எழுதியிருந்தான். ஐந்து கணக்குகளிலும் போய் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டேன். அண்ணனிடம் காட்டியிருக்கக் கூடாது. காட்டிவிட்டேன். அவன் சிரித்தான்.

"விடு பாப்பா. மப்புன்டு நெனச்சா நல்லதுதான். நாளைக்குத் தெளிஞ்சிரும்டு நெனப்பாய்ங்கல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது தெளிகிற விஷயம் இல்லை. ஃபிரீட்ரிக்ஸ் அட்டாக்சியா என்று பெயர். அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன். இரண்டு பேரிடமும் பழுதான ஜீன் ஒவ்வொன்று ஒளிந்திருந்து, இரண்டும் அண்ணனிடம் வந்து சேர்ந்துவிட்டன. எனக்கு ஒன்றுதான் வந்திருக்கிறது. அதனால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று உண்டு, செல்லுக்கு வேண்டிய கரண்ட் அங்கேதான் தயாராகிறது. அது சரியாக ஓட ஒரு புரதம் வேண்டும். அண்ணனுக்கு அந்தப் புரதம் மிகக் குறைவு. கரண்ட் இல்லாமல் நரம்பு செல் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிறது. முதலில் நடை, அப்புறம் நாக்கு.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் பதினேழு வீடியோ போட்டிருக்கிறார். நடை, நாக்கு, பேச்சு பற்றிய பதினாலையும் பார்த்து முடித்துவிட்டேன். மிச்சம் மூன்றும் நமக்குச் சம்பந்தமில்லாதவை.

இன்று முதல் நாக்குப் பயிற்சி. 'கிழட்டு வாழை மழையில் வழுக்கியது' என்று இருபது தடவை சொல்ல வேண்டும். பதினோராவது தடவையில் தையல் மிஷினை நிறுத்திவிட்டு அம்மா கத்தினாள்: "ஏ நிவி, அந்த வாழை வழுக்குனது போதும், அவனச் சாப்புட விடுடி!"

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அண்ணனுக்குப் பழைய செருப்பு இறுக்குகிறதாம். ஒரு சைஸ் பெரிதாக வாங்க வேண்டும். இந்த வயதிலும் கால் வளருமா?

ஆகஸ்ட் 28, வியாழன்

மதுரையில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். மூன்று மணி நேரக் காத்திருப்பு, மூன்று நிமிடப் பார்வை. ஆனால் அந்த மூன்று நிமிடம் இருக்கிறதே! நான் மைட்டோகாண்ட்ரியா பற்றிக் கேட்டதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நீ மெடிக்கல் படிக்கிறியாம்மா?"

"இல்ல சார், பி.காம்."

"பி.காமா! எங்க ஸ்டூடண்ட்ஸ் இவ்வளவு கேக்க மாட்டேங்கிறாங்கம்மா."

அண்ணன் உடனே, "வீட்டுல இவதான் சார் டாக்டர். நாங்க இங்க வாரது செகண்ட் ஒப்பீனியனுக்கு" என்றான். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பஸ்ஸில் திரும்பும்போது அதையே நினைத்து நினைத்துப் பூரித்தேன். அந்தச் சந்தோஷத்தில் அவர் அடுத்துச் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை. அவர் எழுதிக் கொடுத்த சீட்டில் இருக்கிறது: ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும், இதயத்துக்கு எக்கோ ஸ்கேன். எக்கோ தேதி செப்டம்பர் 11, வியாழன். அந்த ஸ்கேன் அங்கே வியாழக்கிழமைகளில் மட்டும்தானாம்.

செப்டம்பர் 3, புதன்

இடி! 13ஆம் தேதி கால்வாயில் தண்ணீர் திறக்கிறார்களாம். ஒரே நாளில்கூடக் கண்மாய்க்கு வந்துவிடுமாம். பிட்ச் போச்சு! 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்த ஃபைனலை முன்னால் இழுத்து, 11ஆம் தேதியே வைத்துவிட்டார்கள். டோர்னமென்ட் நடத்தும் அழகுராஜா அண்ணன் வீட்டுக்கே வந்தார்.

"இன்பா, நீ இல்லாட்டி ஃபைனலே இல்லப்பா. துபாய்ல இருந்தெல்லாம் கேக்குறாய்ங்க."

"வராம எங்கண்ணே போகப் போறேன்?" என்றான் அண்ணன். அவர் போன பிறகு மொபைலைக் கவிழ்த்து வைத்தான். அப்புறம் சொன்னான்: "அடுத்த சீசனுக்கு நாக்கு எனக்கு இருக்குமோ என்னமோ பாப்பா. இது நல்லாப் பேசிரணும்."

செப்டம்பர் 4, வியாழன்

எக்கோ 25ஆம் தேதிக்கு மாறியிருக்கிறது. ஆஸ்பத்திரியிலேயே மாற்றிவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று. துவரம்பருப்பு அரைக்கிலோ, மிஷின் ஊசி ஒரு பாக்கெட் வாங்க வேண்டும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

செமிஃபைனல். அண்ணன் புதிதாக ஒன்று பிடித்திருக்கிறான். பவுலர் ஓடி வரும்போது நிறுத்தாமல் பேசுவதில்லை. 'ஓடி வாரான்...' என்று சொல்லிவிட்டு ஒரு கேப் விடுகிறான். கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் அடுத்த வார்த்தை. பெரிய பெரிய கமெண்டேட்டர்கள்கூட இதைச் செய்ய யோசிப்பார்கள்! எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"தானா வருது" என்றான்.

ஐந்து கணக்குகளிலும் போட்டுத் தாக்கினேன்: 'அந்த கேப்! அதான்யா மாஸ்!' மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். இப்போது 'கேப் மன்னன்' என்றே ஒரு பட்டம் ஓடுகிறது. நான் ஆரம்பித்து வைத்தது!

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் ஒரே கூத்து. சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் சட்டைப் பையைத் தட்டி, "பாப்பா, போன எடு, ரொம்ப நேரமா வைப்ரேட் ஆகுது" என்றான். பையில் போனே இல்லை. அது அடுப்படியில் சார்ஜில் கிடந்தது. நான் சிரித்து, அம்மா சிரித்து, கடைசியில் அவனும் சிரித்தான். கையை மட்டும் நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை.

தலையணை இரண்டு போதவில்லை என்று என்னுடையதையும் வாங்கிக்கொண்டான். படுத்தால் தூக்கம் வரவில்லையாம். ஃபைனல் டென்ஷன்.

செப்டம்பர் 11, வியாழன்

மூவாயிரத்து எண்ணூறு பேர்! மூவாயிரத்து எண்ணூறு!

மேலத்தெரு டீமும் ரயிலடி டீமும். கரை முழுக்க ஆள். கருவேல மரத்தில்கூட ஆள். கரை ஏறும்போது அண்ணன் மூன்று இடத்தில் நின்றான். 'நாக்கைக் காப்பாத்துறேன்' என்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. கடைசி ஏழெட்டு அடிக்கு அப்பாவும் அழகுராஜா அண்ணனும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டம் விசிலடித்தது. "சாமி புறப்பாடு மாதிரி இருக்குடா இன்பா!" என்று யாரோ கத்த, அண்ணன் கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்தான்.

மேலத்தெருவுக்குக் கடைசி இரண்டு பந்தில் ஆறு ரன் வேண்டும். அண்ணன் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"நாளான்னிக்குத் தண்ணி தொறக்குறாய்ங்க மக்களே. இந்தக் கண்மாய்ல இந்த வருசம்... கடைசி ஆட்டம் இது. பந்து கையில... ஓடி வாரான்... ஏ... தூக்கிட்டான்யா! போகுது... போகுது... கருவேலங்காட்டுக்குள்ள போயிருச்சு! யாரும் தேடாதீங்கப்பா... முள்ளு குத்தும்! அத மீனுக்கு விட்டுருங்க... தண்ணி வந்ததும்... அதுக வெளாடட்டும்!"

கரையே எழுந்து ஆடியது. ஒவ்வொரு கேப்பும் அளந்து வைத்த மாதிரி! சாட்டில் எழுத்து ஓடிய வேகத்தில் என்னால் படிக்கவே முடியவில்லை. ஒருவன்கூட மப்பு என்று சொல்லவில்லை. ஒருவன்கூட!

அண்ணன் மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டான். உதடு கொஞ்சம் நீலமாக இருந்தது. சாமியானாத் துணி நீலம்தானே, அதன் நிழல்.

செப்டம்பர் 12, வெள்ளி

நாள் முழுக்கத் தூங்கினான். இருக்காதா பின்னே.

செப்டம்பர் 15, திங்கள்

கண்மாய்க்குத் தண்ணீர் வந்துவிட்டது. ஊரே பார்க்கப் போனது. அண்ணனைக் கூப்பிட்டேன். "நாளைக்கு வாரேன் பாப்பா. கால் ரெண்டும் கனமா இருக்கு" என்றான். நான் போய் வீடியோ எடுத்து வந்து காட்டினேன். பிட்ச் இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான்.

செப்டம்பர் 18, வியாழன்

காலை எட்டே காலுக்குப் பல் தேய்க்கப் போனவன் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். "மூச்சு... பத்தல" என்றான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே அதே இடைவெளி. அப்பா குட்டியானையிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். நான் பின்னால் அவன் தலையை மடியில் வைத்திருந்தேன். அவன் நெஞ்சில் கை வைத்தேன். போன் வைப்ரேட் ஆவது மாதிரியேதான் இருந்தது.

செப்டம்பர் 20, சனி

ஐ.சி.யூ. வாசல். இதய டாக்டர் ஒரு பெண். நிதானமாகப் பேசினார். இதயத் தசை தடித்துப் பலம் இழந்திருக்கிறது, துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது, நுரையீரலில் நீர். காலில் இருந்ததும் நீர்தான். சர்க்கரையும் ஏறிக் கிடக்கிறதாம்.

"அவனுக்கு நரம்பு நோய்தானே டாக்டர்?" என்று கேட்டேன்.

"நரம்புல மட்டும்தான்னு யாரும்மா சொன்னது? அந்த ஜீன் உடம்புல எல்லா செல்லுலயும் இருக்கு. நிறைய உழைக்கிற செல்லுங்கதான் அதிகமா அடி வாங்கும். பொறந்ததுல இருந்து ஒரு நிமிஷம்கூட உக்காராத தசை எது சொல்லு? இன்சுலின் சுரக்கிற செல்லும் சிலருக்குப் போகும்." ஃபைலைப் புரட்டினார். "எக்கோ எழுதியிருக்காங்களே. எடுக்கலையா?"

"தேதி குடுத்தாகம்மா. அப்பறம் அவுகளே தள்ளிப் போட்டுட்டாக" என்றாள் அம்மா.

தரையில் சதுரச் சதுரமாகக் கல். ஒரு வரிசைக்குப் பதினெட்டு.

செப்டம்பர் 22, திங்கள்

காலை ஒன்பது நாற்பது.

செப்டம்பர் 25, வியாழன்

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஸ்கேன் கவுன்ட்டரில் இருக்கும் அக்கா. "இன்பராஜுக்கு இன்னிக்குத் தேதியாச்சேம்மா, இன்னும் காணோமே? லிஸ்ட்டுல பேரு நிக்குது."

வரமாட்டான் என்றேன்.

"ஏம்மா, மறுபடியும் தேதி மாத்தணுமா?"

வைத்துவிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

மிச்சமிருந்த மூன்று வீடியோவையும் பார்த்தேன். பதினைந்து, இதயம். பதினாறு, கணையம். பதினேழு, மற்ற செல்கள். பதினைந்தாவது வெறும் பதினொரு நிமிடம். நாலாவது நிமிடத்தில் பேராசிரியர் தெளிவாகச் சொல்கிறார், இந்த நோயில் பெரும்பாலான உயிர்களை எடுப்பது நரம்பு இல்லை, இதயம் என்று. வீடியோவின் கீழே என் பெயரில் ஒரு கமெண்ட், ஜூலை மாதம் போட்டது: 'சார், பேச்சைப் பற்றி இன்னும் வீடியோ போடுங்கள்.' பார்க்காமலேயே போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 4ஆம் தேதி நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

அன்று அண்ணன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "டாக்டரம்மா, நீங்களே சொல்லுங்க. எக்கோவா, ஃபைனலா? நீ போகணும்டு சொன்னா போறேன்."

"அண்ணே, இது நரம்புச் சமாச்சாரம். ஹார்ட் டெஸ்டெல்லாம் சும்மா எல்லாருக்கும் எழுதுறது. ரெண்டு வாரம் தள்ளுனா ஒண்ணும் ஆகாது."

"கரெக்டா?"

"நூறு பர்சன்ட்."

கவுன்ட்டருக்குப் போன் போட்டது நான். அந்த அக்கா தயங்கினார். "சீட்டுல சீக்கிரம்னு போட்டிருக்காரேம்மா டாக்டர். பதினெட்டாம் தேதி லிஸ்ட் ஃபுல்லு, இருபத்தஞ்சுதான் இருக்கு. பரவால்லையா?" பரவாயில்லை என்றேன். அம்மாவிடம் பொய் சொன்னதும் நான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

ஐ.சி.யூ. வாசலில் பேசிய அன்றே இதய டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டிருந்தேன், பதினொன்றாம் தேதி வந்திருந்தால் என்று. "மருந்து ஆரம்பிச்சிருப்போம். அதுக்கு மேல சொல்ல முடியாதும்மா. இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம்" என்றார். இதை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் தூங்க முடியவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

அம்மா மூன்று நாளாக மிஷினில் உட்கார்ந்து ஒரே ப்ளவுசைத் தைத்துத் தைத்துப் பிரிக்கிறாள். வாய் மட்டும் ஓய்வதில்லை. "கவுன்ட்டர்ல உக்காந்திருக்கவளுக்கு என்ன? எம்புள்ள உசுரு அவளுக்கு ஒரு தேதி. அடிச்சு எழுதுனா முடிஞ்சுது. நாசமாப் போக."

சாப்பாட்டில் கை வைத்த அப்பா எழுந்துவிட்டார். "நாளைக்கு ஸ்டாண்டு ஆளுகளக் கூட்டிக்கிட்டுப் போறேன். அந்தப் பொம்பள எவளா இருந்தாலும் சரி. வேலைய விட்டுத் தூக்காம வரமாட்டேன். ஏத்தா, தேதி மாத்துன அன்னிக்கு யாரு பேசுனா? பேரு எழுதி வச்சிருக்கியா?"

'காணோமே' என்று கேட்ட அந்தக் குரல் காதில் வந்தது.

"அவங்க மாத்தலப்பா" என்றேன். "நான்தான் மாத்துனேன்."

மிஷின் நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். போன் போட்டது, பரவாயில்லை என்றது, நூறு பர்சன்ட். அப்பா கையைக்கூடக் கழுவாமல் வெளியே போனார். குட்டியானையைக் கிளப்பும் சத்தம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. டிரைவர் சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊசியிலிருந்து நூலை உருவி, கண்டில் சுற்றி, அதை எடுத்து டப்பாவில் வைத்து மூடினாள். அப்புறம் என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"அன்னிக்கு நல்லாப் பேசுனானா?"

அம்மா ஒரு மேட்ச் கூடப் பார்த்ததில்லை. வெயிலில் பிள்ளை கத்துவதைப் பார்க்க முடியாது என்பாள்.

போனை எடுத்து ஃபைனலைப் போட்டேன். சேமித்த வீடியோவிலும் ஓரத்தில் சாட் மறுபடி ஓடும், அன்று யார் எந்த நொடியில் என்ன எழுதினார்களோ அப்படியே. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அண்ணன் குரல் வீட்டுக்குள் வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஓடி வாரான்..."

அந்த இடைவெளி வந்தது. சத்தத்தைக் கூட்டினேன். கூட்டத்தின் இரைச்சலுக்கு அடியில், மைக்குக்கு மிக அருகில், ஒரு சின்னச் சத்தம். மூச்சை இழுக்கும் சத்தம். இழுத்தும் நிறையாத மூச்சு. அடுத்த வார்த்தை அதற்குப் பிறகுதான். இத்தனை தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட இது கேட்டதில்லை.

"இப்ப ஏண்டி நிறுத்துனான்?" என்றாள் அம்மா.

அதே நொடியில் ஓரத்தில் சாட் குபுகுபுவென்று ஏறியது. அம்மா கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அந்த... கேப்பு... அதான்யா... மாசு. ஒரே பேச்சால்ல எழுதிருக்காய்ங்க. யாருடி இவய்ங்கெல்லாம்?"

"நான்தாம்மா."

"இந்தா, அதுக்குக் கீழ?"

"அதுவும் நான்தான்."